காட்டு விலங்குகளின் அழுத்தத்தைப் படிப்பது எப்படி? வன்னியில் புதிதாக இறங்குபவர்களுக்கு

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விலங்கியலோ விவசாயமோ படிக்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணை, யானைக்கு ஸ்ட்ரெஸ் இருக்கா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?" மயக்க ஊசி அடித்து இரத்தம் எடுக்க வேண்டும், கழுத்தில் பட்டி கட்ட வேண்டும், அதற்கு லட்சக்கணக்கில் காசு வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள். தேவையில்லை. ஒரு கொப்பி, இரண்டு பென்சில், வினாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரம், பழசானாலும் கண்ணாடி தெளிவான ஒரு பைனாகுலர், பிறகு கொஞ்சம் இலத்தி, அதாவது விலங்கு போட்ட சாணி. விலங்கைத் தொடாமலே நல்ல ஆய்வு செய்யலாம். தொடாமல் செய்வதுதான் நல்ல ஆய்வு என்றுகூடச் சொல்வேன், ஏனென்று போகப் போக எழுதுகிறேன்.

2011 இல் நாடு முழுக்க நீர்நிலைகளில் ஆட்களை நிறுத்தி யானை எண்ணினார்கள், 5,879 என்று வந்தது. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 5 நிமிடம், அவரவர் வளவுக்கு வந்த குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்கள். எத்தனை என்பது தேவையான கணக்குத்தான். ஆனால் அந்த உயிர்கள் எந்த நிலையில் இருக்கின்றன, எது அவற்றை அலைக்கழிக்கிறது, எதை அவை சமாளித்துக்கொள்கின்றன என்பதை எண்ணிக்கை சொல்லாது. அதற்கு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். வன்னியில் அப்படி உட்காருகிற ஆட்கள் மிகக் குறைவு.

அழுத்தம் என்று எதைச் சொல்கிறோம்

வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு என்ன செய்யும் என்று வன்னியில் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நெஞ்சு அடிக்கும், வாய் காயும், பசி போய்விடும், கால் ஓடத் தயாராகிவிடும். அது அட்ரினலின் ஒரு கணத்தில் செய்கிற வேலை. அதன் பின்னால் மெதுவாக இன்னொன்று கிளம்பும்: மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, சில நிமிடங்களில் கோர்ட்டிசோல் இரத்தத்தில் ஏறும். அது உடம்பில் சேமித்து வைத்த சக்தியை எடுத்துக் கொடுக்கும், வளர்ச்சி, இனப்பெருக்கம் மாதிரி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற வேலைகளை ஒத்திப்போடும். ஆபத்து விலகியதும் அதே கோர்ட்டிசோல் மூளைக்குப் போய் "போதும்" என்று சொல்லித் தன் சுரப்பைத் தானே அடக்கிக்கொள்ளும்.

ஆகவே அழுத்தம் ஒரு நோய் கிடையாது, உயிரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. அது அடங்க இடமில்லாமல் நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீண்டால்தான் கேடு. 1936 இல் மொன்ட்ரியலில் ஹான்ஸ் செலியே எலிகளைக் குளிருக்கும் காயத்துக்கும் வேறு பல துன்பங்களுக்கும் ஆளாக்கிப் பார்த்தபோது, துன்பம் எதுவானாலும் அட்ரினல் வீங்குவதையும் வயிற்றில் புண் வருவதையும் கண்டு எழுதினார். காட்டில் இதைத் தேடிப் போனவர்களில் பெயர் பெற்றவர் ரொபர்ட் சபோல்ஸ்கி. 1978 இலிருந்து கென்யாவின் பபூன் குரங்குகளை வருடா வருடம் போய்ப் பார்த்தார், ஊதுகுழல் ஊசியால் மயக்கி இரத்தம் எடுத்தார். பிடித்த அதிர்ச்சியிலேயே கோர்ட்டிசோல் ஏறத் தொடங்கிவிடும் என்பதால் ஊசி பட்டவுடன் நிமிடக்கணக்குப் பார்த்து வேலை செய்ய வேண்டியிருந்தது. பிடித்து அளந்தால் பிடித்ததையே அளந்துவிடுகிற ஆபத்து எப்போதும் இருக்கிறது. இலத்திக்கு வருவது இதனால்தான்.

ஒரு விலங்கு, ஒரு கேள்வி

யானையில் தொடங்காதீர்கள். ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் யானை பெரும்பாலும் இருட்டில் வயலுக்கு வரும், ஆளைக் கொல்லும், ஒரே யானையை அடுத்தடுத்த நாள் பார்ப்பதற்கு உத்தரவாதமும் இல்லை. கோயில் வளவிலோ குளக்கட்டு மருத மரங்களிலோ இருக்கிற குரங்குகளில் தொடங்குங்கள். எங்களிடம் சாதாரணமாகக் கண்ணில் படுபவை இரண்டு வகை: முகம் கறுத்து வால் நீண்ட சாம்பல் மந்தி, தலைமயிர் வட்டமாகப் படிந்த செங்குரங்கு. செங்குரங்கு இலங்கையில் மட்டும் உள்ள இனம். பொலன்னறுவையில் வொல்ப்காங் டிட்டஸ் 1968 இலிருந்து அதே இனத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார் என்பதால், உங்கள் குரங்கு செய்வதை ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. குரங்கு பகலில் நடமாடும், முகம் தெரியும், ஒரு மாதத்தில் பத்துப் பேரையாவது அடையாளம் பிடித்துவிடுவீர்கள். அதன் பிறகு புள்ளிமானுக்குப் போகலாம். யானை மூன்றாவது.

கேள்வியைச் சின்னதாக வையுங்கள். "வன்னி விலங்குகளின் மன அழுத்தம்" என்பது கேள்வியே இல்லை, புத்தகத்துக்கு வைக்கிற தலைப்பு. "அலைகரையில், அதாவது குளத்துத் தண்ணீர் ஏறி இறங்குகிற கரையில், மேய்கிற மான்கள், மாட்டுப் பட்டிக்காரர் நாயோடு வருகிற நாளில் பத்து நிமிடத்துக்கு எத்தனை தரம் தலை தூக்குகின்றன, நாய் இல்லாத நாளில் எத்தனை தரம்?" இது கேள்வி. இதில் ஒப்பிட இரண்டு நிலைமை இருக்கிறது, எண்ணக்கூடிய ஒரு செயல் இருக்கிறது, நேரம் இருக்கிறது. நீங்கள் எழுதுகிற கேள்வியில் இந்த மூன்றும் இல்லாவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

காட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்

முதலில் அனுமதி. மடு வீதி, சுண்டிக்குளம் தேசியப் பூங்காக்கள் மாதிரியான இடங்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன, ஒதுக்கப்பட்ட காடுகள் வனத் திணைக்களத்தின் கீழ். இரண்டு இடத்திலும் ஆய்வு அனுமதி வேண்டும். இலத்தி எடுப்பதும் மாதிரி சேகரிப்புத்தான், "சாணிதானே" என்று கேட்காமல் எடுத்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடமும் எழுதிக் கொடுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம், அதுவரை ஊர் எல்லையில், கோயில் வளவில் பார்த்துப் பழகலாம்.

அடுத்தது உயிர். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிதிவெடி அகற்றும் வேலை முடிந்த காணி எது, முடியாதது எது என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் மான் எவ்வளவு அழகாக நின்றாலும் ஓரடி வைக்காதீர்கள். பலகை இல்லை என்பதற்காகவும் நம்பிப் போகாதீர்கள், பலகை விழுந்திருக்கலாம், ஆடு மாடு மேய்ப்பவர் தினமும் நடக்கிற பாதையில் மட்டும் நடங்கள். பன்றிக்கு என்று கட்டுத்துவக்கு கட்டுகிறவர்களும் கம்பிச் சுருக்கு வைக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள், விலங்கு நடக்கிற ஒற்றையடித் தடத்தில் முழங்கால் உயரத்தில் நூலோ கம்பியோ தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். தனியாகப் போக வேண்டாம். எந்தக் குளம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சருகுக்குள் புடையன் கிடக்கும், ஆகவே செருப்பு வேண்டாம், சப்பாத்து. குரங்கு கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விசர்நோய்க்கு ஊசி போட வேண்டுமா என்று வைத்தியர் பார்ப்பார். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இதற்கெல்லாம் வழித்துணை யார் என்றால், அந்தக் காட்டில் தேன் எடுத்து, மாடு பார்த்து, சேனை காவல் காத்த ஒரு பெரியவர்தான். நான் போகும்போது கூட வருகிற ஐயா காட்டு வாசலில் ஒரு குழையை முறித்து ஐயனாருக்கு என்று வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அவர் நிற்கிற இடத்தில் நானும் நிற்பேன், அவர் திரும்பு என்றால் கேள்வி கேட்காமல் திரும்புவேன். அவருடைய நாளுக்கு உரிய கூலியைக் கணக்கில் முதல் வரியாகப் போடுங்கள்.

பார்த்ததை எழுதுவது

என் முதல் கொப்பி ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் பக்கம் பக்கமாக "பயந்தது", "கோபம்", "சந்தோஷமாக விளையாடியது" என்று எழுதியிருக்கிறேன். மூன்று வாரத்து உழைப்பு, ஒரு வரிகூடப் பயன்படவில்லை, ஏனென்றால் எதைக் கண்டு "பயந்தது" என்று எழுதினேன் என்பது ஒரு மாதம் கழித்து எனக்கே தெரியவில்லை. "தலையைத் தூக்கி, இரண்டு காதையும் முன்னுக்குத் திருப்பி, முன்கால் ஒன்றைத் தரையில் தட்டி, 12 வினாடி அசையாமல் நின்றது" என்று எழுதியிருந்தால் இன்றைக்கும் அது தரவு. பயமா இல்லையா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

ஆகவே ஆய்வு தொடங்கும் முன் ஒரு நடத்தைப் பட்டியல் செய்யுங்கள். இரண்டு வாரம் சும்மா பார்த்து, அந்த விலங்கு செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பெயரும், வேறு யார் வாசித்தாலும் அதே செயலைத்தான் நினைக்க வேண்டும் என்கிற அளவுக்குத் தெளிவான ஒரு விளக்கமும் எழுதுங்கள். மேய்தல், நடத்தல், படுத்தல் எல்லாம் சுலபம். அழுத்தத்தைக் காட்டக்கூடிய செயல்களில்தான் கவனம் வேண்டும். குரங்கு காரணமில்லாமல் தன் உடம்பைத் தானே சொறிவது பதற்றத்தோடு சேர்ந்து கூடும் என்று பல இனங்களில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் உண்ணி கடித்தாலும் அது சொறியத்தான் செய்யும், அதனால் "பக்கத்தில் பெரிய ஆண் வந்து உட்கார்ந்த பின் சொறிந்தது" என்கிற சூழலையும் சேர்த்து எழுத வேண்டும். கொட்டாவி, ஒருவரையொருவர் பேன் பார்ப்பது, பேன் பார்ப்பதை நடுவில் விட்டுவிட்டு ஓடுவது, எச்சரிக்கைக் குரல், எல்லாம் தனித்தனி வரிகள்.

யானைக்கு இந்தப் பட்டியல் இன்னும் நீளம். ஆவணிக் கடைசியில், குளம் வற்றி அலைகரை முழுக்கப் பச்சைப் புல் வந்திருந்த ஒரு பின்னேரம், குளக்கட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஏழு யானை, அதில் ஒன்று இடுப்பளவு குட்டி. வயல் பக்கம் யாரோ ஒரு யானை வெடி போட்டார்கள். சத்தம் அடங்கும் முன்பே ஏழும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டன. குட்டி இரண்டு வயிற்றுக்கு நடுவே உள்ளே போய்விட்டது, வெளியே அதன் வால் மட்டும் தெரிந்தது. பெரிய பெண் யானை காதை அகல விரித்து வயல் பக்கம் முகம் வைத்தது, அதன் வால் கம்பு மாதிரி விறைத்து நின்றது. அதற்கு அடுத்த இளைய பெண் தும்பிக்கை நுனியைக் கொண்டுபோய்ப் பெரியதன் வாய்க்குள் வைத்தது, வைத்தபடியே நின்றது. முதல் யானை திரும்பப் புல்லைப் பிடுங்க 4 நிமிடம் எடுத்தது. இந்தத் தும்பிக்கை வாயில் வைப்பதைத் தாய்லாந்து யானைகளில் முறையாகக் கணக்கெடுத்து, கலங்கிய யானையை மற்றது தேற்றுகிற செயல் என்று 2014 இல் எழுதியிருக்கிறார்கள். அதே பின்னேரம் இருநூறு மீற்றர் தள்ளி ஒரு தனியனும் மேய்ந்துகொண்டிருந்தது. அதே வெடிக்கு அது ஒரு தரம் தலையைத் தூக்கியது, பிறகு மேயப் போய்விட்டது. இந்த வேறுபாட்டைக் கீழே திரும்ப எடுக்கிறேன்.

எவ்வளவு நேரம், யாரைப் பார்ப்பது

எங்கே பரபரப்பு நடக்கிறதோ அங்கே கண் ஓடும். சண்டை பிடிக்கிற குரங்கைத்தான் எழுதுவீர்கள், மூலையில் சும்மா இருக்கிற கிழட்டுப் பெண்ணை எழுத மாட்டீர்கள், கடைசியில் கொப்பியைப் பார்த்தால் குரங்குகள் நாள் முழுக்கச் சண்டை பிடிப்பதாக இருக்கும். இந்தக் குறையைத் தீர்க்க ஜீன் ஆல்ட்மன் 1974 இல் ஒரு கட்டுரை எழுதினார், அன்றிலிருந்து எல்லோரும் அவர் வகுத்த முறைகளைத்தான் பின்பற்றுகிறோம். உங்களுக்கு இரண்டு போதும்.

ஒன்று, ஒரே விலங்கைக் குறித்த நேரம், பத்து நிமிடம் என்று வையுங்கள், கண்ணெடுக்காமல் பார்த்து அது செய்வதையெல்லாம் எழுதுவது. எந்த விலங்கை எப்போது பார்ப்பது என்று முதல் நாள் இரவே சீட்டுக் குலுக்கி வரிசை எழுதிவிடுங்கள், காட்டில் போய்த் தெரிவு செய்தால் மனம் விருப்பமானதைத்தான் எடுக்கும். இலைக்குப் பின்னால் மறைந்த நேரத்தை "தெரியவில்லை" என்று எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். மற்றது, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் பார்த்து, அந்தக் கணத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று குறிப்பது. மான் கூட்டத்துக்கு இரண்டாவது நல்லது, ஆளாள் அடையாளம் தெரிந்த குரங்குக்கு முதலாவது.

அடையாளம் பிடிக்கிற வேலையை லேசாக எண்ண வேண்டாம். யானைக்குக் காது ஓரத்துக் கிழிசல், ஓட்டை, மடிப்பு, வால் மயிர் இருபக்கமும் இருக்கிறதா இல்லையா. குரங்குக்குக் காது வெட்டு, வளைந்த விரல், முகத்துத் தழும்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இடம், வலம் இரண்டையும் கையால் வரையுங்கள். போனில் படம் எடுத்தாலும் வரையுங்கள், வரையும்போதுதான் கண் உண்மையில் பார்க்கிறது.

ஒவ்வொரு நாளும் கொப்பியின் தலைப்பில் எழுத வேண்டியவை: திகதி, நேரம், வெயிலா மழையா, குளத்தில் தண்ணீர் எவ்வளவு, பக்கத்து வயலில் காலபோகமா சிறுபோகமா, பயிர் என்ன பருவம், பாலைப்பழம் பழுத்திருக்கிறதா, நாய் வந்ததா, வெடி கேட்டதா, உழவு இயந்திரம் ஓடியதா. இதெல்லாம் பிறகு தேவைப்படாது என்றுதான் அன்றைக்குத் தோன்றும். ஆறு மாதம் கழித்து முழு ஆய்வும் இந்த ஒரு வரியில்தான் தொங்கும்.

நீங்களே ஒரு தொந்தரவு

முதல் நாட்களில் நீங்கள் எழுதுவது விலங்கின் வாழ்க்கையை இல்லை, உங்களைக் கண்ட விலங்கு செய்வதை. அதனால் ஒரே நிறத்து உடுப்பு, ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே இடத்தில் உட்காருதல் என்று வையுங்கள். சாப்பாடு கொடுக்கவே கூடாது, கொடுத்தால் குரங்கு உங்களைப் பார்த்து ஓடாது, ஆனால் உங்கள் பையைப் பார்த்துச் சண்டை பிடிக்கும். பழகிவிட்டதா என்று அறிய ஒரு வழி: நீங்கள் வந்து உட்கார்ந்த முதல் அரைமணி நேரத்துத் தலைதூக்கல்களையும் அடுத்த அரைமணி நேரத்தையும் ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றாக வரும்வரை எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குரங்கை மனிதருக்குப் பழக்குவதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உங்களைக் கண்டு ஓடாமல் நிற்கப் பழகிய குரங்கு, நாளைக்குத் துவக்கோடு வருகிறவரைக் கண்டும் ஓடாமல் நிற்கலாம். தோட்டம் செய்கிற ஊருக்குப் பக்கத்தில் என்றால் முழுக்கப் பழக்காதீர்கள், தூரத்திலிருந்து பைனாகுலரால் பாருங்கள், தரவு குறைந்தாலும் பரவாயில்லை.

இலத்தி

இப்போது ஹோர்மோன். இரத்தத்தில் போகிற கோர்ட்டிசோல் ஈரலில் உடைந்து, பித்தத்தோடு குடலுக்கு வந்து, மலத்தில் வெளியேறும். ஆகவே இலத்தியில் இருப்பது கோர்ட்டிசோலின் சிதைவுப் பொருட்கள். அவை அந்த நொடியின் அதிர்ச்சியைக் காட்டாது, சேர்ந்து வந்த பல மணிநேரத்தின் மொத்தத்தைக் காட்டும். விலங்கைப் பொறுத்து இந்தப் பிந்தல் சில மணிநேரத்திலிருந்து இரண்டு நாள் வரை இருக்கும், யானையில் ஒன்றிலிருந்து இரண்டு நாள் என்று வையுங்கள். செவ்வாய்க்கிழமை இரவு வெடி போட்டால் அதைத் தேட வேண்டியது புதன் இரவிலிருந்து வியாழன் இரவுவரை போட்ட இலத்தியில். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: காலையில் சண்டை பார்த்தார்கள், அந்தக் காலையிலேயே இலத்தி எடுத்தார்கள், இரண்டையும் சேர்த்து எழுதினார்கள்.

எடுக்கிற முறை. யார் போட்டது, எத்தனை மணிக்குப் போட்டது என்று கண்ணால் பார்த்த இலத்தி மட்டுமே முதல் தரம். யானை விலகிப் போய், ஐயாவும் சரி என்று சொன்ன பிறகுதான் கிட்டப் போக வேண்டும். புதிய இலத்தி வெளியே மினுமினுப்பாக, சளிபோல ஈரம் படர்ந்து இருக்கும், கையுறையோடு தொட்டாலும் சூடு தெரியும், மணம் புளித்த வைக்கோல் மாதிரி. உருண்டையைப் பிளந்தால் உள்ளே நார், பாதி மென்ற பட்டை, சில காலத்தில் விளாம்பழ விதை. "யானை உண்ட விளாங்கனி" என்று சொல்கிறோமே, அந்த விதைகள் இங்கே வந்துதான் விழுகின்றன. சாண வண்டு உருட்டத் தொடங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும். வெளித்தோலை விட்டு, மூன்று நான்கு உருண்டைகளின் நடுப்பகுதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகப் பிசையுங்கள், ஒரே இலத்தியிலேயே ஹோர்மோன் எல்லா இடத்திலும் சமமாக இருப்பதில்லை. மூத்திரம் பட்டிருந்தால் விட்டுவிடுங்கள், அதிலும் இதே பொருட்கள் வருவதால் கணக்குக் குழம்பும். குரங்கென்றால் சில கிராம் போதும்.

குப்பியில் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை அற்ககோல் பட்டால் அழியும். விலங்கின் பெயர், திகதி, போட்ட நேரம், எடுத்த நேரம், இடம். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து, மைனஸ் 20 பாகை செல்சியஸ் குளிர்ப்பெட்டியில் வைப்பது நல்லது. மின்சாரம் நம்ப முடியாத இடமென்றால் 80 சதவீத எதனோலில் போடலாம், ஆய்வுகூடத்துக் கனலடுப்பில் உலர்த்தவும் செய்யலாம், ஆனால் எது தொடங்கினீர்களோ அதையே கடைசிவரை செய்யுங்கள், முறை மாறினால் எண்ணும் மாறும். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தில் இடம் கேட்டு வைத்திருந்த என் மாதிரிகள் ஒரு நீண்ட விடுமுறையில் மின்சாரம் நின்று உருகிவிட்டன. இரண்டு மாதத்து நடை, ஐயாவின் உழைப்பு எல்லாம் அதில் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்தில்தான் வைக்கிறேன்.

வெயிலிலும் மழையிலும் கிடக்கும் இலத்தியில் நுண்ணுயிர்கள் வேலை செய்து அளவை மாற்றிவிடும். எவ்வளவு நேரம்வரை எடுக்கலாம் என்பதை உங்கள் இடத்திலேயே சோதியுங்கள்: ஒரு புதிய இலத்தியில் உடனே ஒன்று, 2, 4, 8, 24 மணிநேரத்தில் ஒவ்வொன்று எடுத்து அனுப்புங்கள். ஒன்றைக் கோடையிலும் ஒன்றை மாரியிலும் செய்யுங்கள்.

ஆய்வுகூடத்தை மாதிரி எடுப்பதற்கு முன்பே பேசி வையுங்கள், எடுத்துவிட்டுத் தேடாதீர்கள். எலைசா என்கிற சோதனையில் அளப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த விலங்கின் இலத்தியில் இந்தச் சோதனை சரியாக வேலை செய்கிறது என்று யாராவது உறுதிப்படுத்தியிருக்கிறார்களா?" ஒவ்வோர் இனமும் கோர்ட்டிசோலை ஒவ்வொரு விதமாக உடைக்கிறது, ஆகவே மனிதர் இரத்தத்துக்கு என்று விற்கிற பெட்டியை வாங்கி மானின் இலத்தியில் போட்டால் வருகிற எண்ணுக்குப் பொருள் இல்லை. நாட்டுக்கு வெளியே அனுப்புவதென்றால் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

எண் கைக்கு வந்த பிறகு

எண் கூடியிருந்தால் விலங்கு துன்பத்தில் இருக்கிறது என்று உடனே எழுதிவிடாதீர்கள். கர்ப்பம், பால் கொடுத்தல், ஆண் யானைக்கு மதம் பிடித்தல், கூட்டத்தில் பதவிச் சண்டை, பட்டினி, கோடை எல்லாமே கோர்ட்டிசோலை ஏற்றக்கூடும். தென்னிந்தியக் காட்டு யானைகளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் பார்த்தபோது, உடம்பு மெலிந்த யானைகளிடமும் வறட்சிக் காலத்திலும் அளவு கூடியிருந்தது. எண் குறைவாக இருந்தாலும் நிம்மதி என்று சொல்ல முடியாது, நீண்டநாள் அழுத்தத்தில் சில விலங்குகளின் சுரப்பே மந்தமாகிவிடும்.

அதே குழுவினர் 2019 இல் எழுதிய இன்னொன்றைத்தான் மேலே தனியனைப் பற்றிச் சொன்னபோது நினைத்தேன். பயிருக்குள் வருகிற யானைகளுக்கு அழுத்தம் கூடத்தான் இருக்கும், விரட்டு, வெடி, வெளிச்சம் என்று எல்லாம் படுகிறதே என்று நாம் நினைப்போம். அளந்து பார்த்தால் பாதுகாக்கப்பட்ட காட்டில் இருந்த, பயிர் தின்னாத யானைகளைவிட அவற்றிடம் குறைவாக இருந்தது. பயிரிலிருந்து கிடைக்கிற நல்ல தீனி அழுத்தத்தை ஈடுகட்டுகிறது என்பது அவர்கள் தருகிற விளக்கம். எங்கள் தனியனும் அப்படித்தானா என்று எனக்குச் சொல்ல முடியாது, அதன் இலத்தி என்னிடம் இல்லை. ஆனால் வெடியால் யானையைப் பயமுறுத்திவிடலாம் என்று ஊர் நம்பியிருக்கும்போது, வெடிக்குப் பழகிய ஒரு ஆண் எவ்வளவு நேரத்தில் திரும்ப மேயப் போகிறது என்பதைக் கடிகாரம் வைத்து அளந்து சொல்ல ஒருவர் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம். இலங்கையில் 12 ஆண் யானைகளைப் பிடித்து வேறிடம் விட்டு ஜிபிஎஸ் பட்டியால் பின்தொடர்ந்தவர்கள் 2012 இல் எழுதியதும் இதே மாதிரி நம்பிக்கை ஒன்றைத்தான் உடைத்தது: சில திரும்பி வந்தன, சில வேறு ஊருக்குள் புகுந்தன, பிரச்சினை தீரவில்லை.

கணக்கில் ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரே குரங்கிடமிருந்து முப்பது மாதிரி எடுத்தால் உங்களிடம் இருப்பது ஒரு குரங்கு, முப்பது இல்லை. ஐந்து விலங்கிடம் ஆறாறாக எடுப்பது எவ்வளவோ மேல். ஒவ்வொரு விலங்கையும் அதன் வழக்கமான அளவோடு ஒப்பிடுங்கள், ஒரு ஆய்வுகூடத்து எண்ணை இன்னொன்றின் எண்ணோடு பக்கத்தில் வைக்காதீர்கள். யெலோஸ்டோன் முதலான அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பனிமோட்டார் வண்டி கூடியபோது எல்க் மானிலும் ஓநாயிலும் இந்த ஹோர்மோன் ஏறுகிறது என்று 2002 இல் காட்டியவர்கள், அதனால் அவற்றின் எண்ணிக்கை குறைந்ததாகத் தாங்கள் காணவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அந்த நேர்மை உங்கள் அறிக்கையிலும் வேண்டும்.

முடித்ததும் ஊருக்குத் திரும்பப் போங்கள். பரணில் இரவிரவாகக் காவல் இருந்து, ஒரே இரவில் ஒரு போகத்தை இழந்தவரிடம் யானையின் அழுத்தத்தைப் பற்றிப் பேசுவது சுலபமில்லை, அவர் கேட்கிற முதல் கேள்வி "எங்கட ஸ்ட்ரெஸ்ஸை ஆர் தம்பி அளக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள். யானை எத்தனை மணிக்கு எந்தப் பக்கத்தால் வருகிறது, எந்த மாதம் கூட வருகிறது, எந்த வெடிக்கு அசையவில்லை என்று நீங்கள் எழுதி வைத்ததை ஒரு தாளில் அவருக்கு விளங்குகிற மாதிரி எழுதிக் கொடுங்கள். கரடிக் குகை, யானைக் குட்டியோடு கூட்டம் தங்குகிற மோட்டை மாதிரி இடங்களின் சரியான புள்ளியை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், பேஸ்புக்கில் போடுகிற படத்திலும் இடத் தகவலை நீக்கிவிட்டே போடுங்கள்.

இந்த வருடம் தொடங்குவதென்றால் வைகாசியில் தொடங்குங்கள். பாலை பழுக்கிற காலம், குரங்குகள் ஒரே மரத்தில் மணிக்கணக்கில் நிற்கும், நடத்தைப் பட்டியல் செய்ய அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆவணி வரும்போது அலைகரையில் புல் வந்துவிடும், மான் எண்ணலாம். ஐப்பசி மழைக்கு முன் முதல் இலத்திச் சோதனையை முடித்துவிடுங்கள், மழை தொடங்கினால் எங்கள் களிமண் பாதையில் மோட்டார் சைக்கிள் போகாது.